வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா? தேவசித்தத்தை எப்படி அறிவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வயது 28. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நாலு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ச் சபை. புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11 வந்தது: உங்களைக்குறித்து நான் கொண்டிருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவைகள் என்ற வசனம். மார்ச் மாதம் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் தலையில் கைவைத்து, "மகளே, கர்த்தர் உன்னைத் தம்முடைய ஊழியத்துக்கென்று பிரித்தெடுத்திருக்கிறார்" என்றார். அன்றிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. வீட்டில் அம்மா, படிக்கிற தம்பி. வருமானம் உங்களுடைய சம்பளம் மட்டும். என் வாழ்க்கையைக்குறித்துத் தேவன் வைத்திருக்கிற நோக்கம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது, ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம். ஊழியத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் அட்டை, கூட்டத்தில் கேட்ட ஒரு வாக்கு, வேலையில் வந்த சலிப்பு, இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்ததால் ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்வதுபோல இருக்கிறது. பிரித்து வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேறு விஷயம்.

அட்டையிலிருந்து தொடங்குவோம். எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டு வருடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! அந்த வருடமே அவன் செத்துப்போனான். எரேமியா கடிதத்தில் எழுதிய கணக்கு 70 வருடம். அப்படியென்றால் அதைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகர் பாபிலோன் மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட வேண்டியவர்கள். அவர்களுக்கு, ஒரு ஜனமாக அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து, எழுதப்பட்டதுதான் 11-ஆம் வசனம். அதற்குள் யாருக்கு என்ன தொழில், யாருக்கு எந்த ஊழியம் என்ற தகவல் கிடையாது. செய்யவேண்டியதோ 5 முதல் 7 வரை தெளிவாகவே இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். 8, 9 வசனங்கள் உங்கள் விஷயத்துக்கு இன்னும் கிட்டே வருகின்றன: உங்கள் நடுவிலே இருக்கிற தீர்க்கதரிசிகளாலும் சொப்பனங்களாலும் மோசம்போகாதிருங்கள் என்கிறார் கர்த்தர். அட்டை அச்சடிக்கிறவர்கள் இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து அச்சடிக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தாங்கள் தேர்ந்தெடுக்காத ஊரில் வீடு கட்டித் தோட்டம் போடு என்ற கட்டளை, ரப்பர்த் தோட்ட லயத்திலும் கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பட்டறைக் குடியிருப்பிலும் வேர்விட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. "தேவனுடைய திட்டம்" என்றாலே இருக்கிற இடத்தை விட்டு எங்கேயோ போவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடிதம் அதற்கு நேர் எதிராகத் தொடங்குகிறது.

"தேவசித்தம் எது" என்று கேட்கும்போது நாம் பெரும்பாலும் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். எந்த விசுவாசியும் எப்படி வாழவேண்டும் என்பது ஒன்று. எனக்கென்று கொடுக்கப்பட்ட வரம் எது, நான் யாருக்குப் பிரயோஜனப்படுவேன் என்பது இன்னொன்று. இந்த வேலையா அந்த வேலையா, இந்த ஊரா அந்த ஊரா, இவரைக் கட்டலாமா வேண்டாமா என்பது மூன்றாவது. வேதம் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறது. இரண்டாவதுக்கு நாலைந்து இடங்களில். மூன்றாவதுக்குப் பெயர் குறித்துப் பதில் கிடைத்தவர்கள் வேதத்திலேயே கொஞ்சம் பேர்தான்; அவர்களிலும் மோசே, எரேமியா மாதிரிப் பலர் அதைத் தேடிப் போகவில்லை, வேண்டாம் என்று மறுத்துப்பார்த்தவர்கள். நாமோ மூன்றாவது கேள்வியில் போய் உட்கார்ந்துகொண்டு மற்ற இரண்டையும் தாண்டிவிடுகிறோம். உபாகமம் 29:29 இந்த எல்லையைப் போட்டுவைத்திருக்கிறது: மறைவானவைகள் கர்த்தருக்குரியவை, வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவற்றின்படி செய்வதற்காக.

வெளிப்படுத்தப்பட்டதை முதலில் எடுங்கள். "தேவனுடைய சித்தம்" என்று பெயர் சொல்லியே எழுதப்பட்ட இடங்கள் உண்டு. 1 தெசலோனிக்கேயர் 4:3, நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது. அதற்கடுத்த வசனங்கள் உடலையும் அடுத்தவனுடைய காரியத்தையும் பற்றிப் பேசுகின்றன. அதே நிருபம் 5:16-18, சந்தோஷமாயிருப்பது, ஜெபிப்பது, எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது. 1 பேதுரு 2:15, நன்மை செய்து புத்தியீனரின் வாயை அடைப்பது. இவற்றோடு மீகா 6:8-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நியாயம், இரக்கம், மனத்தாழ்மை. ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வசனமாக எழுதி, கீழே "இந்த மாதம் இதில் நான் எங்கே தவறுகிறேன்" என்று ஒரே ஒரு காரியம், பெயரோடு, எழுதுங்கள். யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள், யாருக்குத் தரவேண்டிய பணம் நிற்கிறது, கைப்பேசியில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த அளவுக்கு. நாலு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். வீட்டுப் பங்கு விஷயத்தில் கூடப்பிறந்தவனோடு ஆறு வருடம் பேசாதவர், தமக்குக் கொடுக்கப்பட்ட மிஷன் தேசம் எது என்று உபவாசம் இருந்து கேட்பது நம் சபைகளில் நடக்காத காரியமல்ல. தெரிந்த சித்தத்துக்குக் கீழ்ப்படியாமல் தெரியாத சித்தத்தைக் கேட்கும்போது வரும் மவுனத்தை, "கர்த்தர் இன்னும் பேசவில்லை" என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

உபவாசம் என்றதும் ஒன்று. நைட் ஷிப்ட் வாரங்களில் உபவாசம் இருக்காதீர்கள். தூக்கமும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் வருகிற தெளிவு தெளிவல்ல. ஓய்வு நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்த நேரத்தில் வாசியுங்கள், போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம். வாசிப்பதற்கு: மாற்குவில் 16 அதிகாரம், ரோமர் 12 முதல் 16 வரை 5 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரம். எங்கேயாவது திறந்து, விரல் வைத்த வசனத்தை எடுப்பதை நிறுத்திவிடுங்கள். அதில் மனதுக்குப் பிடித்த வசனம் வரும்வரை திரும்பத் திரும்பத் திறப்போம் என்பது செய்து பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

இனி அந்த வாக்கு. தீர்க்கதரிசனத்தைப் பழிக்கவேண்டாம், ஆனால் சோதிக்காமல் விழுங்கவும் வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 இரண்டையும் அடுத்தடுத்தே சொல்கிறது. 1 கொரிந்தியர் 14:29-இன்படி தீர்க்கதரிசனம் சொல்கிறவர் பேசியபிறகு மற்றவர்கள் நிதானிக்கவேண்டும். அதாவது அது சபையின் நடுவில் எடைபோடப்பட வேண்டிய பொருள், ஒரு பெண் தனியாக வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகவேண்டிய பாரமல்ல. எடைபோடுவது எப்படி? அந்த ஆள் சொன்ன வார்த்தைகளை நினைவிருக்கிற அளவு அப்படியே எழுதுங்கள். அதற்குக் கீழே, அதிலிருந்து நீங்கள் முடிவுகட்டியதை எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் அவர் சொன்னது "பிரித்தெடுத்திருக்கிறார்" என்பது. "வேலையை விடு" என்பது நீங்கள் சேர்த்தது. "இந்த வருடம்" என்பதும் நீங்கள் சேர்த்தது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு அப்போஸ்தலர் 21-ஐப் பாருங்கள். செசரியாவில் அகபு பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றான். சொன்னது உண்மை. அதைக் கேட்ட எல்லாரும், இதை எழுதிய லூக்காவும் சேர்ந்துதான், போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போனார். வாக்கு ஒன்று, அதிலிருந்து எடுக்கிற முடிவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. எதிர்ப்பக்கத்துக்கு 1 இராஜாக்கள் 13: யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே அப்பம் புசியாதே என்று கர்த்தர் நேரடியாகச் சொல்லியிருந்தார். ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி வந்து, தூதன் எனக்குச் சொன்னான், வீட்டுக்கு வா என்றான். நம்பிப் போனவனை வழியில் சிங்கம் கொன்றது. மேடையில் நிற்கிறவருடைய வயதும் நரையும் நமக்குச் சொல்லப்பட்டதை மாற்றுகிற அதிகாரமாகாது. ஒரு நடைமுறைக் கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் வேலையை விட்டால் யாருடைய ஊழியத்தில் போய்ச் சேர்வீர்கள்? வாக்குச் சொன்னவருடைய ஊழியத்திலேயே என்றால், இன்னும் மூன்று மடங்கு நிதானம் தேவை.

அடையாளம் கேட்பவர்கள் கிதியோனின் தோலைச் சொல்வார்கள்: இரவில் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, தோல்மேல் மட்டும் பனி பெய்யட்டும், மறுநாள் தரையில் மட்டும் பெய்யட்டும் என்று அவன் கேட்ட அடையாளம். நியாயாதிபதிகள் 6-ஐத் தொடக்கத்திலிருந்து வாசித்தால், தோல் போடுவதற்கு முன்பே அவனுக்குக் கட்டளை கிடைத்தாயிற்று (14, 16 வசனங்கள்). சித்தம் தெரியாமல் அவன் தோல் போடவில்லை. தெரிந்தும் நம்பிக்கை வராமல் போட்டான். இரண்டாவது தரம் கேட்கும்போது "உமது கோபம் மூளாதிருப்பதாக" என்று அவனே பயந்துகொண்டுதான் கேட்கிறான்.

வாசல் திறந்தது, வாசல் அடைந்தது என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். 1 கொரிந்தியர் 16:9-இல் பவுலுக்கு எபேசுவில் பெரிய வாசல் திறந்திருக்கிறது, விரோதிகளும் அநேகர். எதிர்ப்பு வந்தால் வாசல் அடைபட்டது என்று அர்த்தமில்லை. 2 கொரிந்தியர் 2:12, 13-இல் துரோவாவில் கர்த்தரால் வாசல் திறக்கப்பட்டது, ஆனாலும் தீத்துவைக் காணாததால் ஆவியில் அமைதலில்லாமல் அவர் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். திறந்த வாசலெல்லாம் கட்டளையும் அல்ல. "மனதுக்குச் சமாதானமாக இருந்தது, அதனால் கர்த்தருடைய சித்தம்" என்பதும் இப்படித்தான். யோனா ஓடிப்போகிற கப்பலில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனேயில் இயேசுவுக்கு வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. இருவரில் யார் பிதாவின் சித்தத்தில் இருந்தார் என்று சொல்லவேண்டியதில்லை. மனச்சமாதானத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அது கடைசியில் வரவேண்டிய சாட்சி, முதலில் வைக்கவேண்டிய அளவுகோல் அல்ல.

மூன்றாவது, வேலையில் மனம் ஒட்டாதது. பன்னிரண்டு மணிநேர ஷிப்டில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்கிற யாருக்கும் நாலாவது வருடத்தில் இது வரும். அது அழைப்பாக இருக்கலாம், தூக்கக் குறைவாகவும் இருக்கலாம். எலியா சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவன் அவனுக்குப் புதுத் திட்டம் எதையும் உடனே கொடுக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தார். ஓரேபில் கேள்வி கேட்டது அதற்குப் பிறகு. ஆகவே வருடாந்திர விடுப்பில் ஒரு வாரம் எடுத்துத் தூங்குங்கள். பகல் ஷிப்டுக்கு மட்டும் மாற முடியுமா, வேறு பிரிவுக்குப் போக முடியுமா என்று மேலாளரைக் கேளுங்கள். ஷிப்ட் மாறியதும் வேலை பிடித்துப்போனால், அது அழைப்பின் பிரச்சினையாக இருக்கவில்லை.

இயேசு சபையைத் தொடங்கிய கத்தோலிக்கத் துறவி இக்னேஷியஸ் லொயோலா இதையே 16-ஆம் நூற்றாண்டில் விதியாக எழுதிவைத்தார். 1521-இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலில் பட்டுப் படுக்கையில் கிடந்தபோது, எந்த நினைவு பிறகும் இனிக்கிறது, எந்த நினைவு முடிந்ததும் வறண்டுபோகிறது என்று கவனிக்கத் தொடங்கியவர் அவர். மனம் வறண்டு கிடக்கிற காலத்தில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அவருடைய விதி. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கச் சொந்தம் உங்களுக்கு இருந்தால் இந்த முறை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நமக்கும் அதில் தடையில்லை. அவர் சொன்ன இன்னொன்று, காகிதத்தில் நாலு பகுதி: போனால் வரும் நன்மை, போனால் வரும் கேடு, இருந்தால் வரும் நன்மை, இருந்தால் வரும் கேடு. நம்மில் பெரும்பாலோர் முதலாவதையும் நாலாவதையும் மட்டும் நிரப்பிவிட்டு, சித்தம் தெளிவாகிவிட்டது என்போம். பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையோடு வந்து கேட்டால் என்ன சொல்வேன், சாகும் நேரத்தில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவேன் என்று யோசிக்கச் சொல்கிறார். பகல் ஷிப்ட் வாரத்தில், ஒரு தரம் எழுதி, பத்து நாள் கழித்துப் பழையதைப் பார்க்காமல் இன்னொரு தரம் எழுதுங்கள். இரண்டிலும் திரும்ப வருவது எது என்று பாருங்கள்.

இனி வரம். ரோமர் 12:6-8-இல் ஏழு இருக்கிறது: தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், தலைமை, இரக்கம். ஏழும் ஒரே வரிசையில். ஆனால் நம் சபைகளில் மைக் பிடிக்கிற வரம் மட்டும் "அழைப்பு" என்ற பெயரை வாங்கிக்கொள்கிறது. ஐக்கிய விருந்துக்கு அரிசி கழுவுகிறவரையும், வாராவாரம் இரண்டு பாட்டிகளைக் காரில் ஏற்றி வருகிறவரையும், காணிக்கைக் கணக்கில் ஒரு காசு பிசகாமல் பார்க்கிறவரையும் யாரும் தலையில் கைவைத்துக் கூப்பிடுவதில்லை. இந்தச் சாய்வு உங்களுக்குள்ளும் இருக்கும், கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கிற வரப் பரிசோதனைகள், நூறு கேள்விக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறவை, அதிகம் உதவாது. நமக்கு என்ன வரம் இருக்கிறது என்பதைவிட என்ன வரம் இருந்தால் நன்றாயிருக்கும் என்பதையே அவை காட்டும்.

வரத்தைச் செய்துதான் பார்க்கவேண்டும். இரண்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்: பேசுகிற வேலை ஒன்று, செய்கிற வேலை ஒன்று. 1 பேதுரு 4:11 பிரிப்பதும் அப்படியே. உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவருவதாக இருக்கட்டும். உதாரணத்துக்கு, ஓய்வுநாள் பாடசாலையில் துணை ஆசிரியர். நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படிப்பதால் பாட்டை வாயால் பாடுவார்கள், தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுவார்கள். பாடத்துக்குமுன் இருபது நிமிடம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படாத தமிழ்ச் சபை குறைவு. செய்கிற வேலைக்கு, வெளியே வரமுடியாத முதியவர்களையோ நோயாளிகளையோ போய்ப் பார்ப்பது. வாரத்துக்கு இரண்டும் சேர்த்து மூன்று மணிநேரத்துக்கு மேல் போகவேண்டாம். 12 வாரம். ஏன் இந்த வரம்பு என்றால், புதிதாக அனல்மூண்டவர்கள் பாடகர் குழு, வாலிபர் கூட்டம், ஜெபக்குழு, துப்புரவு என்று ஐந்தையும் ஒரே மாதத்தில் பிடித்து, நாலாவது மாதத்தில் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிவிடுவார்கள். எதில் பலன் இருந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. முதல் மூன்று வாரத்து உற்சாகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏழாவது, எட்டாவது வாரத்தில்தான் உண்மை தெரியும்.

பலனை நீங்கள் அளக்கக்கூடாது, பெற்றுக்கொண்டவர்கள் அளக்கட்டும். போன வாரக் கதையை இந்த வாரம் பிள்ளை சொல்கிறதா? நீங்கள் வராத ஞாயிறு யாராவது தேடினார்களா? அந்தப் பாட்டி, "அடுத்தது எப்போது வருவே?" என்று கேட்டாரா, அல்லது மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினாரா? பொறுப்பாளர் உங்களை மறுபடியும் கூப்பிட்டாரா? களைப்பிலும் இரண்டு வகை உண்டு. அடித்துப்போட்டதுபோல வீட்டுக்கு வந்தும் அடுத்த வாரத்தைப்பற்றி யோசிக்கிற களைப்பு ஒன்று. சனிக்கிழமை இரவே வயிற்றைக் கலக்குகிற களைப்பு இன்னொன்று. இரண்டாவது வகை தொடர்ந்து வந்தால் அந்த வேலை உங்களுடையதல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை, அடுத்ததைப் பாருங்கள்.

இதே 12 வாரமும் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். வேலையிடம் காத்திருப்பு அறையல்ல. யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்ட பெசலெயேல் ஒரு கைவினைஞன். பொன், வெள்ளி, வெண்கல வேலை, கல் வெட்டுவது, மரம் செதுக்குவது, அதற்குத்தான் அந்த நிரப்புதல். கொலோசெயர் 3:23, மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே செய்யுங்கள் என்பது, சம்பளமே இல்லாத அடிமைகளைப் பார்த்துச் சொன்னது. செருப்புத் தைக்கிறவன், கொல்லன், விவசாயி எல்லாரும் தத்தம் வேலையோடு ஆசாரியர்களே என்று திருச்சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் 1520-இல் எழுதினார். தரக்கட்டுப்பாட்டில் இருக்கிற உங்களுக்கு நீதிமொழிகள் 11:1, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பது, நேரடியாக உத்தியோகத்தைத் தொடுகிற வசனம்: மாதக்கடைசியில் சரக்கு அனுப்பவேண்டிய நெருக்கடியில், சோதனை முடிவில் ஓர் எண்ணைத் திருத்தச் சொல்லும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரே வரிசையில் நிற்கிற நேப்பாள, மியன்மார்த் தொழிலாளிகளில் எத்தனை பேருடைய பெயர் தெரியும்? "பட்டணத்தின் சமாதானம்" பினாங்கில் இப்படித்தான் தொடங்கும். இந்த இடத்தில் உங்களால் செய்யக்கூடியது எந்தப் பாஸ்டராலும் செய்யமுடியாது. அவருக்கு அந்தக் கதவின் அட்டை கிடையாது.

ஆலோசனைக்கு நாலு பேர் போதும். உங்களை ஐந்து வருடத்துக்கு மேல் அறிந்த சபை மூப்பர் ஒருவர்; உங்கள் விசுவாசத்தோடு சம்பந்தமில்லாத, வேலையிடத்தில் உங்களை அறிந்த ஒருவர்; குடும்பத்தில் ஒருவர்; நீங்கள் போக நினைக்கிற அதே ஊழியத்தைப் பத்து வருடத்துக்கு மேல் செய்த ஒருவர், முடிந்தால் ஒரு பெண். "நான் போகலாமா?" என்று கேட்டால் நம் ஆட்கள் "ஜெபிக்கிறேன்மா" என்று முடித்துவிடுவார்கள். "இதில் இறங்கினால் நான் எங்கே தடுக்கி விழுவேன்?" என்று கேளுங்கள்; பதில் வரும். நாலாமவரிடம் பிரசங்கத்தைப்பற்றிக் கேட்கவேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வீர்கள், மாதச் செலவு எப்படி நடக்கிறது, எந்த வருடத்தில் விட்டுவிட நினைத்தீர்கள் என்று கேளுங்கள்.

காலத்தைப்பற்றிக் கவலைப்படவேண்டாம். தமஸ்கு வழியில் அழைக்கப்பட்ட சவுலை (பவுலின் பழைய பெயர்) சபை கைவைத்து அனுப்பியது அப்போஸ்தலர் 13-இல். இடையில் ஏறக்குறைய பத்து வருடத்துக்கு மேல். அனுப்பியபோதும் ஆவியானவர் பேசியது உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் நடுவில். அப்போஸ்தலர் 16-இல் மக்கெதோனிய மனுஷனைத் தரிசனத்தில் கண்டவர் பவுல் ஒருவர். நிச்சயித்துக்கொண்டு புறப்பட்டதோ "நாங்கள்" என்கிறார் லூக்கா. நெகேமியா எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தி கேட்டது கிஸ்லேவு மாதம், ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். அந்த நாலு மாதமும் ஜெபித்துக்கொண்டே பானபாத்திரக்காரன் வேலையைச் செய்தான். ராஜா கேட்டபோது எத்தனை நாள், யாருக்குக் கடிதம், எந்தக் காட்டிலிருந்து மரம் என்று அவனிடம் எல்லாமே தயாராக இருந்தது. ஜெபம் திட்டத்தைத் தடுக்கவில்லை.

உங்களுக்கும் அந்த மரக்கணக்கு வேண்டும். அம்மாவின் மருந்து, தம்பியின் படிப்பு, வீட்டு வாடகை, பிடிபிடிஎன் (அரசு உயர்கல்வி நிதி) கடன் மீதி என்று மாதச் செலவை எழுதுங்கள். குறைந்தது ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் சம்பளத்தை விடக்கூடாது. ஊழியத்துக்குச் சேர்க்கிற சபையோ ஸ்தாபனமோ நியமனக் கடிதம் தருமா, இபிஎஃப் (ஓய்வுகாலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) கட்டுமா என்று கேளுங்கள். இபிஎஃபுக்கு இப்போது உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு நீங்களும், சம்பளம் 5,000 வெள்ளிக்கு உட்பட்டதென்றால் 13 விழுக்காடு முதலாளியும் கட்டுகிறீர்கள். 28 வயதில் அது நின்றுபோனால் 60 வயதில் தெரியும். இதைக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்னதாக உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கிறதை லூக்கா 14:28-இல் காட்டுங்கள். அம்மா விஷயத்தில் மாற்கு 7:10-13 இன்னும் கண்டிப்பானது: தகப்பன் தாய்க்குச் செய்யவேண்டியதை, "கொர்பான், தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லித் தவிர்த்தவர்களை இயேசு கடிந்துகொண்டார். தம்பி படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை தள்ளிவைப்பது கீழ்ப்படியாமை ஆகாது.

ஒன்பது மாதம் கழித்து இப்படிப் பாருங்கள். கூட்டத்தின் அனல் தணிந்தபிறகும் ஆசை நிற்கிறதா? உங்கள் சேவையால் பலனடைந்தவர்கள் கண்முன் இருக்கிறார்களா? நீங்கள் கேட்காமலே சபை உங்களிடம் பொறுப்பை நீட்டுகிறதா? வீட்டுக் கடமைக்கு வழி பிறந்திருக்கிறதா? நாலில் மூன்று இருந்தால் பாஸ்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். செரம்பானிலுள்ள செமினாரி தியோலோஜி மலேசியா போன்ற இறையியல் கல்லூரிகளில் வேலையை விடாமல் படிக்கிற பகுதிநேர வழி உண்டா என்று விசாரித்து, முதலில் ஒரே ஒரு பாடத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றோ இரண்டோதான் இருந்தால் அதே சேவையை அதே மூன்று மணிநேரத்தோடு இன்னொரு வருடம் தொடருங்கள். ராஜினாமா செய்கிற நாள் வந்தால், வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் வேலை செய்தவருக்கு அது ஆறு வாரம், ஐந்தைத் தாண்டினால் எட்டு வாரம். அந்த வாரங்களில் உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு வேலையை முழுதாகப் பழக்கிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.